பார்த்தவரின் நாற்காலி

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி கிடந்தது. அது எங்கள் மேற்பார்வையாளரான அக்காவுக்கானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளானில் இருந்த ஒரு லோரி நிறுவனத்துக்காகக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். யாராவது ஒரு சிறு பகுதியை முடித்தால் போதும், அக்கா தேநீரோடு வந்து உட்கார்ந்து திரையைப் படிப்பார். "சூடா இருக்கும்போதே பாத்துடுவோம் லா. ஆறிப்போனா எழுதின நீயே மறந்துடுவ" என்பார். தேநீர் தீர்வதற்குள் எழுந்துவிடுவார். அதனால் வேலை தேங்கியதே இல்லை. வாரந்தவறாமல் கிள்ளானுக்கு டிஸ்க் போனது.

எனக்கோ அவர்மேல் சந்தேகம். எதையும் குறித்துக்கொள்ளாதவர் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். மாலையில் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். உள்ளே எங்கள் தப்புகளைத்தான் ஒப்பிக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். அவர் சிரித்தால் இன்னும் பயமாக இருக்கும்.

பக்கத்து மேசை நண்பருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. லோரிகள் சரக்கு ஏற்றும் நேரத்தை வகுக்கும் பகுதி அவர் எழுதியது. எல்லா நாளையும் ஒன்றுபோல வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கிடங்கை மூடிவிடுவார்கள் என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவும் பார்த்துச் சரி என்றிருந்தார். அது கிள்ளானுக்குப் போன வாரமே, வெள்ளிக்கிழமை மதியம், பூட்டிய கதவுக்கு முன்னால் லோரிகள் வெயிலில் வரிசைகட்டி நின்றன.

மறுநாள் காலை முதலாளி எங்கள் நடுவில் வந்து நின்றார். "யாரு எழுதினது? பேரைச் சொல்லுங்க. இன்னையோட அனுப்பிடுறேன்."

நண்பருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் அக்காவையே பார்த்தேன். இதோ, சொல்லிவிடப் போகிறார்.

"நான் பாத்து ஓகே சொன்னது பாஸ். என்னைக் கேளுங்க."

"எழுதினவன் யாருன்னு கேட்டேன்."

"பாத்தது நான்" என்றார் அக்கா.

நண்பர் தப்பினார். அக்காவைத் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நாற்காலி சாமான் அறைக்குப் போனது. இனி எல்லாவற்றையும் தானே பார்ப்பதாக முதலாளி சொன்னார். எங்கள் வேலை அவர் மேசையில் வாரக்கணக்கில் தூங்கியது. கிள்ளான்காரர்கள் போன் போட்டுக் கத்தினார்கள். அதையும் அக்காதான் எடுத்தார். அப்போதும் நான், இதில் அவருக்கு என்ன லாபம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

இன்று நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் இயந்திரம் உடனுக்குடன் சோதிக்கிறது. தாமதமே இல்லை. வரிக்கு வரி எழுதியவர் பெயரும் கூடவே நிற்கிறது. போன வாரம் ஒன்று பிசகியபோது, கூட்டத்தில் எல்லோரும் திரையில் இருந்த பெயரைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெயருக்கு உரிய பெண்ணைப் பார்த்தார்கள்.

"பாத்தது யாரு?" என்று கேட்டேன். யாருக்கும் கேள்வி புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.