அத்தான் போட்ட காய்கறி அட்டவணை

என் அத்தான் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் வேலை. டிரைவர்கள் கெஞ்சுவார்கள், முறைப்பார்கள், டீ வாங்கித் தருவார்கள். டீயைக் குடித்துவிட்டு, ஆறு நிமிடம் தாமதம் என்றே எழுதுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா. நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். மதியச் சாப்பாடு மட்டும் கீழே. ஆகவே நான் சொல்வது எல்லாம் கண்ணால் பார்த்தது.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் வீட்டில் ஒரு தகராறு. வீட்டுக்குப் பின்னால், சந்து ஓரமாக, பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி மண் தரை சும்மா கிடந்தது. சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தலாம் என்றான் அக்கா மகன். மழை பெய்தால் அடுப்படி வரைக்கும் சேறு வருகிறது என்று அக்காவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். அத்தான் மட்டும், காய்கறி போடப் போகிறேன் என்றார்.

"வெண்டைக்கா செடில காய்க்குமா, கொடில காய்க்குமா? அதாவது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுக்குவேன். எழுபத்தஞ்சு நாள் குடு. அதுக்கப்புறம் முப்பது நாளைக்கு, தினமும் மதியத்துக்குக் காய் இந்த மண்ணுல இருந்து வரும். ஒரு நாள் வரலைன்னாலும் சிமெண்ட் போட்டுக்கோங்க."

"சொல்லிட்டீங்க, பேச்சு மாறக்கூடாதுப்பா" என்றான் மகன். பேச்சு மாறுவதா, அத்தானா!

வேறு யாராக இருந்தாலும் நேரே விதைக் கடைக்கு ஓடியிருப்பார்கள். அத்தான் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பத்து நாள், சாப்பிட்ட தட்டு வரும்போதெல்லாம் என்ன மிச்சம் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனுஷி நிம்மதியாக ரெண்டு துண்டு பாகற்காயை ஒதுக்க முடியவில்லை.

"என்ன அத்தான், எச்சில் தட்டுல ஜோசியம் பாக்குறீங்களா?"

"பாவக்கா ரொம்பப் பிடிக்கும்னு நீ எல்லார்கிட்டயும் சொல்ற. தட்டு வேற மாதிரி சொல்லுதே. வாய் சொல்றத நான் எழுதுறதில்ல."

பாகல் பட்டியலிலிருந்து அடிபட்டது. மகன் தொடாத முள்ளங்கி அடிபட்டது. தக்காளி மேல் அவருக்கே ஆசைதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, வெயில் போதாது என்று அதையும் அடித்தார். பத்து வகை வைத்தால் பத்திலும் ரெண்டு காய்தான் வரும், நாலு வகை போதும் என்பது அவர் முடிவு. வெயில் படும் பக்கம் வெண்டை, கத்தரி, பீன்ஸ். சுவர் ஓரம் கீரை. கீரையை மட்டும் வாரம் ஒரு பாத்தியாகத் தள்ளித் தள்ளி விதைத்தார். எது எந்தத் தேதியில் கூடைக்கு வரும் என்று முப்பது கட்டம் போட்டு அடுப்படிக் கதவில் ஒட்டினார். நானும் அக்காவும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எழுபத்தைந்து நாள் முடிந்த மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கூடை வந்து நின்றது. அடுத்த நாளும் ஒன்பதரை. இருபத்தொரு நாள் ஒரு நிமிடம் பிசகவில்லை. அத்தான் கட்டத்தில் நேரத்தை எழுதுவார். அக்கா அரிவாள்மனையை எடுப்பாள். எங்கள் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

டிப்போவில் ஒரு வண்டி படுத்துவிட்டால் அனுப்ப எப்போதும் ஒரு ஸ்பேர் வண்டி நிற்கும். அதைப் பார்த்துக்கொள்வது வேறொருவர் வேலை. அத்தான் எழுதியது ஓடுகிற வண்டிகளை மட்டும். தோட்டத்திலும் அதே கதைதான். அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு, உபரியாக ஒரு பிடி கிடையாது. இரண்டு நாள் விடாமல் மழை அடித்ததில் இருபத்திரண்டாம் நாளுக்கான கீரை மண்ணோடு படுத்து அழுகிப்போனது. பீன்ஸும் கத்தரியும் முந்தின நாள்களில் பறித்தாயிற்று. வெண்டை விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு.

அன்று மதியம் தட்டில் வதக்கிய வெண்டைக்காய் இருந்தது. காலையில் அக்கா குடையோடு தெருமுனைக் கடைக்குப் போனதை நான் மாடியிலிருந்து பார்த்திருந்தேன். மகன் கவனிக்காமல் சாப்பிட்டான். அத்தானும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். பென்சிலை எடுத்து இருபத்திரண்டாம் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதினார்.

"அதான் தட்டுல போட்டேனே!" என்றாள் அக்கா. "யாரு வந்து கேக்கப் போறா?"

"காய் வந்துச்சு. நம்ம மண்ணுல இருந்து வரல."

மறுநாள் காலை மகன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அளவு நாடாவின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்தார். மறுமுனையை, யாரும் கேட்காமலே, அத்தான் பிடித்தார். சேற்றில் நின்று கத்தரிச் செடிகளுக்கு மேலே நாடாவை நேராக இழுத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு தடவையாவது கொஞ்சம் பொய் எழுதத் தெரியக்கூடாதா என்று ஆத்திரமும் வந்தது.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அக்கா அந்த நாடாவைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அளக்க வேண்டாம்."

"நீதானம்மா சிமெண்ட் வேணும்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கிறேன்." அத்தானைப் பார்க்காமல் மகனைப் பார்த்தே பேசினாள். "முப்பத்திநாலு வருஷமா கண்ண முழிச்சதும் மொத நினைப்பு, இன்னைக்கு என்ன சமைக்கிறதுங்கிறதுதான். உங்கப்பாவக் கேட்டாலும் உன்னக் கேட்டாலும், எதையாவது செய்யுன்னுவீங்க. இந்த இருபத்தோரு நாளா நான் அத நினைக்கவே இல்லடா. வேற என்னத்தையோ நினைச்சுக்கிட்டு எந்திரிச்சேன்."

மேஸ்திரி, யாரும் சொல்லாமலே, நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.