மனோன்மணி அக்காவும் சோடி முயல்களும்

செவ்வாய்க்கிழமை காலை கடைப் பலகைகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். அரியாலையிலிருந்து மனோன்மணி அக்காவின் தங்கை புருஷன் சைக்கிளில் வந்து இறங்கினார். ரயருக்குக் காற்றுப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். "அக்கா விடிய எழும்பேல்லை" என்றார். முயல்களுக்கு யார் புல்லுப் போட்டது என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியல்ல. அவர் கோபிக்கவில்லை. "இன்னும் ஆரும் போடேல்லை. ரெண்டும் பெட்டிக்குள்ளை ஒட்டிக்கொண்டு கிடக்குதுகள்" என்றார்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். காங்கேசன்துறையில் இருபது வருடத்துக்கு மேல் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்தவர். கலியாணம் கட்டவில்லை. தொண்ணூறில் சண்டையால் இடம்பெயர்ந்து தங்கை வீட்டுக்கு வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியும் அதற்குள் இரண்டு பெண் முயல்களும் இருந்தன. வழியில் ஒன்று செத்துப்போயிற்று. மிஞ்சியது கறுப்பி.

எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடிய காலம். வியாபாரம் நன்றாகவே நடந்தது. தட்டுப்பாட்டில் பிரேக் கட்டைச் சோடியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்றவன் நான். அதை மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒரு கட்டை வாங்க வந்தவர்தான் அக்கா. கறுப்பி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, அறுகம்புல்லில் இரண்டு நுனி கடித்துவிட்டு விட்டுவிடுகிறது என்றார். துணை போன முயல் சாப்பாட்டை விடும், சாப்பாட்டை விட்ட முயல் தங்காது என்றும் சொன்னார். வீட்டை விட்டு வந்தவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான் என்று எனக்கு விளங்கியது.

துணைக்கு இன்னொன்று வாங்குவதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். மறுநாளே பால்போல வெள்ளையாக, கையில் எடுத்தால் அசையாமல் இருந்த ஒரு முயலை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அதன் முன்கால்களைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்க மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது.

"மூக்கொழுகித் துடைச்சிருக்கு, முதலாளி. இது சாதுவில்லை, வருத்தம் பிடிச்சது. கொண்டுபோய்க் குடுங்கோ."

முதலாளி என்று அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் பகிடிக்குத்தான். அடுத்தமுறை தானே வந்தார். முயல் வளர்க்கும் வீட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, ஒன்றையும் தொடாமல் அரை மணித்தியாலம் இருந்தார். சாம்பல் நிறப் பெட்டை ஒன்று தானாக வந்து அவர் சேலைக் கரையை மணந்து பார்த்தது. பிறகுதான் பல், காது, வயிறு, புழுக்கை எல்லாம் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. முயல் வாங்க வந்தீர்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்தவை இவ்வளவு பாக்கேல்லை. அதுதான் வேண்டாம் எண்டனான்" என்றார்.

சாம்பலியை நேரே கறுப்பியின் கூட்டுக்குள் விடவில்லை. இரண்டும் வேறு வேறு பெட்டியில். ஒன்று படுத்த சாக்கை மற்றதற்கு மாற்றிப் போடுவார், மணம் பழகட்டும் என்று. பிறகு நடுவே கம்பி வலையை வைத்து இரண்டு பக்கமும் கரட் இலை போட்டார். அடுத்ததாக, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு நிலம் வேண்டுமென்றார். தங்கை வீட்டு முற்றம் முழுக்கக் கறுப்பி நாடியைத் தேய்த்து மணம் பூசித் தன்னுடையது ஆக்கியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் என் கடையைக் கேட்டார்.

ரயர்களை வட்டமாக அடுக்கி வேலி கட்டினோம். நான் சத்தமாகக் கதைத்தால் முயல் பயப்படும் என்றதால் தணிந்து கதைக்கப் பழகினேன். வீட்டிலும் அந்தக் குரல் வந்துவிட்டது. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலாம் ஞாயிறு இரண்டும் நாலடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தன. அது நல்ல அடையாளம் என்றார் அக்கா. அவர் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன நேரம், இனியும் என்ன இழுத்தடிப்பு என்று நான் சாம்பலியைத் தூக்கிக் கறுப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் மயிர் பறந்தது. கறுப்பியின் இடது காது நுனி கிழிந்து தொங்கியது.

அக்கா ஏசவில்லை. காதைச் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்கள் யாவாரி. சாமான் கை மாறினால் வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறியள். நான் ரெலிபோனிலை இருந்தனான். அந்தப் பக்கம் ஆள் கதைக்கத் தயாரோ எண்டு கேக்காமல் ஒருநாளும் லைன் குடுக்கேல்லை."

கறுப்பி மறுபடி தின்ன மறுத்தது. ஒரு கிழமை நான் நித்திரை கொண்டது குறைவு. சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"எந்த ரோட்டாலை வாற சைக்கிளுக்குச் சில்லுக் கம்பி கூட உடையுது?"

என் தொழிலில் அது தெரியாமல் இருக்க முடியாது. அரியாலையில் கடல்நீரேரிப் பக்கம் போகும் ஒழுங்கை என்றேன். அதுதான் வேண்டும் என்றார். குலுக்கத்தில் பயந்தால் முயலுக்குப் பக்கத்து முயல் வேண்டிவருமாம். பழைய மரச் சோப்புப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, இரண்டையும் ஒன்றாக வைத்து, சண்டை வந்தால் பிரிக்க நடுவே இறக்கும் ஒரு பலகையும் செய்தேன். மறுநாள் பெட்டியைக் கரியரில் கட்டி நான் சைக்கிள் ஓட, அவர் பெட்டியோடு காதை வைப்பதுபோலப் பக்கத்திலேயே ஓடிவந்தார். இருபது வருடம் பள்ளம் மேடு தெரியாமல் மற்றவர்கள் ஓட வேலை செய்தவன், அன்று தேடித்தேடிப் பள்ளத்தில் விட்டேன். பலகையை இறக்க வேண்டிவரவில்லை.

கடையில் வந்து பெட்டியைத் திறந்தோம். சாம்பலி தலையைக் கறுப்பியின் நாடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு கிடந்தது. அக்கா பெட்டியோடு காதை வைத்தார். கனநேரம் கழித்துக் கறுப்பி அந்த நெற்றியை ஒருமுறை நக்கியது. பிறகு நிறுத்தவேயில்லை.

"குனிஞ்சு கேளுங்கோ. பல்லு மெல்லமா அரைக்குது. அது சந்தோசம்."

டைனமோ சில்லில் தொடுகிற அளவு ஒரு சின்னச் சத்தம். அன்று பின்னேரம் இரண்டும் ஒரே முசுட்டைக் கொடியை இரண்டு நுனியிலிருந்தும் தின்றன. அக்காவும் அன்றுதான் என் வீட்டில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் நாலு வருடம் ஞாயிறு தவறாமல் முயல்களோடு வந்தார். தேவை ஒன்றும் இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

செத்த வீட்டில் எல்லாம் முடிந்தபின் முயல்களின் கதை வந்தது. தங்கை வீட்டில் பார்க்க ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சாம்பலியைக் கேட்டார். கறுப்பி கிழடு, இனி எத்தனை நாளைக்கு என்று இன்னொருவர் சொன்னார். நான் எழும்பினேன்.

"அது சோடி. பிரிச்சுக் குடுக்கிறேல்லை."

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அதே சோப்புப் பெட்டியில் வைத்து, அதே ஒழுங்கையால் கொண்டுவந்தேன். நல்ல ரோட்டு இருந்தது, மனம் வரவில்லை. கடையில் ரயர்களுக்கு நடுவே இறக்கிவிட்டேன். இரண்டும் வட்டத்தை ஒருமுறை சுற்றின. அக்கா வழக்கமாகக் குந்தியிருக்கும் இடத்தில் வந்து நின்று, நிலத்தை மணந்து பார்த்து, அங்கேயே படுத்தன. சாம்பலி அந்தக் கிழிந்த காதை நக்கத் தொடங்கியது. குனிந்து கேட்டேன். சத்தம் கேட்டது.

போய் வாருங்கள், அக்கா. புல்லுப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் ஒரு பலகை கழற்றியே இருக்கும்.