மருந்து என்று தேடினேன்

உச்சி வெயிலில் பேயா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். ஆனால் இது எனக்கே நடந்தது. 2006, தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பில் போடுகிற வேலை எனக்கு. என் மனைவி பொன்மணி அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வெடிக்குள் போகிற தூளுக்கு மருந்து என்றுதான் பேர். மருந்து அறை, மருந்துச் சட்டி, மருந்துக் கை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறோம். அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா?

ஒரு நாள் காலை, மருந்தில் சேர்க்கிற ரசாயன உப்பு புதிதாக ஒன்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வழக்கமாக வாங்கும் உப்பு கிடைக்கவில்லை, ஆர்டரோ தலைக்கு மேல். ஒரு கை அள்ளிக் கலந்து பார்த்த பொன்மணி என்னிடம் ஓடி வந்தாள்.

“ஏங்க, இந்த உப்பு கந்தகத்தோட சேரல. சட்டி சுடுது. மொதலாளிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். முதலாளி ராஜபாண்டியன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மறுநாள் லோடு ஏற்றியாக வேண்டும்.

“ஏலே, கூடாதுன்னு கவர்மெண்டு தாள்ல போட்டிருக்கா? கொண்டாந்து காட்டு, அந்த நிமிசமே நிறுத்துறேன். இல்லைன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் கலக்கத்தேன் செய்வாக.”

பொன்மணியை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

“நான் போனா எம் எடத்துல கருப்பம்மாக்கா உக்காரும். அது மட்டும் சாகட்டுமா?”

எனக்கு அழுகை வந்தது. டி.வி.எஸ். 50-ஐ மிதித்துக் கிளப்பினேன். சிவகாசியில் சீனிவாசகம் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பிளைவுட் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு திரைச்சீலை. எனக்கு இரண்டாவது தடுப்பு கிடைத்தது. எந்தப் பொருளை எப்படிச் செய்யலாம், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் வகுத்த தரங்களை எல்லாம் போட்டு வைத்திருக்கும் இணையதளம் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். தேடுவதற்கு ஒரு கட்டம். அதில் மருந்துக்கு இங்கிலீஷ் என்ன... ‘கிராக்கர் மெடிசின்’ என்று அடித்தேன்.

மாத்திரை வந்தது. ‘மெடிசின் மிக்ஸிங்’ என்று அடித்தேன். இருமல் டானிக் வந்தது. ‘மெடிசின் ரூம்’ என்றால் ஆஸ்பத்திரி அலமாரி. கம்ப்யூட்டரை அறைந்தேன். அங்கே பொன்மணி தூக்குவாளியைத் திறந்திருப்பாள். சாப்பிட்டுக் கை கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

டக்... டக்... டக்...

பக்கத்து மூன்றாவது தடுப்பில் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

“யு.பி.எஸ். ஒங்க மிஷினுக்கு மட்டுந்தேன் இருக்கு. சீக்கிரம் முடிங்க” என்று சீனிவாசகம் வாசலிலிருந்து கத்தினார்.

என் மிஷினுக்கு மட்டும்.

ஆனால் பக்கத்தில் சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்...

மருந்து வாடை அடித்தது. என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அதில் இல்லை.

“அண்ணே... மருந்துன்னு போட்டா மாத்திரைதேன் வரும்.”

இளம்பெண் குரல். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. யார், எவள் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

“வேற என்ன போட?”

“கம்போசிஷன். கவர்மெண்டு தாள்ல நம்ம மருந்துக்கு அதுதேன் பேரு.”

அடித்தேன். வந்தது! வரிசையாகப் பட்டாசுத் தரங்கள். முதலில் இருந்ததைத் தொடப் போனேன்.

“அது வேணாம்ணே. ரத்தான பழசு. ஓரத்துல ‘வித்ட்ரான்’னு இருக்கு பாருங்க. பதிலுக்கு வந்த நம்பர் கீழ இருக்கும். அதத் தொடுங்க.”

இருந்தது. தொட்டேன். இந்த உப்பும் கந்தகமும் எக்காலத்திலும் சேரக் கூடாது என்று ஒரே வரி. போதும்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது.

என் திரை அவளுக்கு எப்படித் தெரிந்தது?

“பிரிண்ட் எடுக்க... கரண்ட் இல்லையே...”

“அடிங்கண்ணே. வரும்.”

வந்தது.

தடுப்புக்கு அடியில் பார்த்தேன். இரண்டு கால்கள். விரலெல்லாம் மருந்து அறையில் ஒட்டுகிற வெள்ளிப் பொடி...

அசையவே இல்லை.

“ஓடுங்கண்ணே... எனக்குக் கிடைக்கல.”

ஓடினேன்.

நான் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதிக்கொண்டிருந்தது. முதலாளி தாளைப் படித்தார். முகம் செத்துவிட்டது. “எல்லாரையும் வெளிய கூப்பிடுலே!” என்று அவரே முன்னால் ஓடினார். பொன்மணி காலையில் கலந்த சட்டியை வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நின்றோம். கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலேயே, அது தீப்பிடித்தது. பொன்மணி என் கையை விடவே இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல இரண்டு பேரும் போனோம்.

“மூணாம் நம்பர்லயா? அங்கன மிஷினே இல்லியே” என்றார் சீனிவாசகம். திரைச்சீலையை விலக்கிக் காட்டினார். வெறும் மேசை. ஒரு வயர் தொங்கியது. குரலைப் பற்றிச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

“போன தீவாளிக்கு ஒரு பிள்ள வந்துச்சு. வெள்ளைத்தாய்னு பேரு, வேற கம்பெனி. அதுவும் ஒங்கள மாதிரித்தேன், மருந்து மருந்துன்னே அடிச்சிச்சு. கடைசி வரைக்கும் மாத்திரையாத்தேன் வந்துச்சு. அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போச்சு. அன்னைக்கு மத்தியானமே அது கம்பெனியில வெடிச்சிருச்சு. பிள்ளையும் போயிருச்சு.”

பொன்மணிதான் கேட்டாள்.

“அப்ப கம்போசிஷன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

அவர் தொங்கிய வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

“விசாரணைக்கு வந்த ஆபீசருக ரிப்போர்ட்ட இங்கன வந்துதேன் அடிச்சாக. அது உக்காந்த அதே மூணாம் நம்பர் மிஷின்ல. மொத வரியிலயே அந்த வார்த்தை இருந்துச்சு. அடிச்சு முடிக்கவும் மிஷின் கருகிப்போச்சு.”

அவள் பேர் அதற்கு அடுத்த வரியில் இருந்ததாம்.