நாலு நாற்பதுக்கு மேல் வராதவள்

கல்யாணமான புதிதில், 1979-ல், எனக்கு நாமக்கல்லில் பயிர் விளைச்சலைக் கணக்கெடுக்கிற புள்ளிவிவர வேலை. மனைவிக்கு வாழப்பாடியில் டீச்சர் வேலை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து, சேலத்தில் பஸ் மாறி வருவாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு மூன்று மைல். நான் சைக்கிளோடு நிற்பேன்.

சும்மா நிற்க எனக்கு வராது. அவள் இறங்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். ஒரு வாரம் மூணே முக்காலுக்கே வந்தாள், ஒரு வாரம் ஐந்தாகிவிட்டது. ஒன்பது சனிக்கிழமைக்குச் சராசரி நாலு இருபது. வேறு ஒன்பது வாரம் எடுத்திருந்தால் சராசரி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். அந்தக் கூறெடுப்புப் பிழைக்கும் இடம் விட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையில் இடைவெளி போட்டேன்: நாலு மணி முதல் நாலு நாற்பது வரை.

பத்தாவது சனிக்கிழமை நாலு நாற்பதும் தாண்டிற்று. ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தேன். பிறகு வீடு திரும்பி, வராதவள் மேல் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் பையோடு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வரலீங்களா?"

"வந்தேன். நாலு நாப்பதுக்கு மேல நீ வரமாட்டீன்னு கணக்குல வந்துச்சு."

"நான் அஞ்சு பத்துக்கு எறங்குனனுங்க. டீ குடிக்கப் போயிருப்பீங்கன்னு ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டு நடந்து வாரேன். எங்க, அந்தக் கணக்கைக் காட்டுங்க."

நோட்டைக் கொடுத்தேன். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இங்க அஞ்சு மணின்னு எழுதியிருக்கீங்களே. அன்னைக்கு எறங்குனது வேற எந்த அம்மிணிங்க?"

"அது... இடைவெளி போட்டது சராசரிக்கு."

"அப்பச் சரி. சராசரி வந்தா சைக்கிள்ல கூட்டிட்டு வாங்க. நான் நடந்தே வந்துக்கறேன்."

கடலைக் காடுகளில் நான் இந்தத் தப்பைச் செய்ததே இல்லை. தாலுகாவின் சராசரி விளைச்சல் இந்த இடைவெளிக்குள் இருக்கும் என்று எழுதுவேனே தவிர, ஒவ்வொரு காடும் அதற்குள்தான் விளையும் என்று எழுதியதில்லை. ஒரு காடு கொட்டும், பக்கத்துக் காடு காய்ந்து கிடக்கும். சராசரி எங்கே என்பது வேறு. இன்றைய பஸ் எப்போது என்பது வேறு. இன்றைய பஸ்ஸுக்கென்றால், சராசரிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு, அவள் இறங்கும்வரை நின்றேன். இரண்டு வருஷத்தில் அவளுக்கு நாமக்கல்லுக்கே மாற்றல் கிடைத்தது; நிற்கிற வேலையும் போயிற்று. அவள் போய் இப்போது நாலு வருஷம், இரண்டு மாதம்.

நான் நின்ற நேரமெல்லாம் நோட்டில் இருக்கிறது. எழுபத்தொரு மணி சொச்சம். அவள் எனக்காக உட்கார்ந்திருந்த ஐம்பது நிமிஷம்தான் அதில் இல்லை. எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள், வந்த ஒவ்வொரு சைக்கிளையும் நிமிர்ந்து பார்த்தாளா, எத்தனையாவது சைக்கிளில் பார்ப்பதை விட்டாள்? எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அன்றைக்கு ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை.