இரண்டு பக்கமும் பேசிய மோகனா

மோகனா கார் ஓட்டப் பழகியது நாற்பதை நெருங்கும்போதுதான். அதுவரை பாயான் லெப்பாசில் இருக்கும் தொழிற்சாலைக்கு ஃபேக்டரி பஸ்ஸில்தான் போய் வந்தாள். புருஷன் இருந்தவரை, பஸ்ஸை விட்டுவிட்டால் அவர் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். அவர் காலமான பிறகு, ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு வாய் கூசிப்போய்த்தான் லைசென்ஸ் எடுக்கப் போனாள். இரண்டு முறை தவறி ஒருவழியாகப் பாஸ் பண்ணினாள். பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மூன்று வீடு தள்ளியிருந்த ஆசியா பீவியைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு கடலோரமாக ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஆசியா பீவி வழிநெடுகக் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தாள்.

ஆசியா பீவி வீட்டிலிருந்தே பெண்களுக்குப் பாஜூ உடுப்புகள் தைத்துக் கொடுப்பவள். மோகனாவுக்கு அவள் அக்கா. அவள் கணவர் ஹைதர், அண்ணன். அவள் வீட்டுப் பெருநாள் பிரியாணி மோகனா வீட்டுக்கு வரும், மோகனா வீட்டுத் தீபாவளி முறுக்கு அங்கே போகும். ஹைதருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரிக்கும் பயிற்சிக்கும் அவரை அழைத்துப் போனதும் அந்தச் சிவப்புக் கார்தான்.

அப்படி இருந்த இருவரும் ஒரு ரோட்டால் பேசாமல் போனார்கள்.

ஃப்ளாட்டுக்கு முன்னால் ஓடும் பெரிய ரோட்டில் போக இரண்டு தடம், வர இரண்டு தடம். அதைப் போக ஒன்று, வர ஒன்று எனக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, சைக்கிளுக்கு ஒரு வழி விடப்போவதாகச் செய்தி வந்தது. ரோட்டோரத்தில் டயர் கடை வைத்திருக்கும் தயாளன் கொதித்துப் போனார். கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் யார் டயர் மாற்ற வருவார் என்று கேட்டார். மோகனாவின் கவலை வேறு. இப்போதே காலையில் சிம்பாங் சந்திப்பைத் தாண்டுவதற்குள் உயிர் போகிறது. இதில் பாதி ரோடு என்றால் வேலைக்கு எப்படி நேரத்தோடு போவது? தயாளன் கேட்டதும் அவளே மாடி மாடியாக ஏறி, வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினாள். அநேகமாக எல்லாரும் போட்டார்கள். ஆசியா பீவியோ தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பள்ளிவாசல். கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆனால் நாலு தடத்தையும் கடக்கிற வேகம் ஹைதருக்கு இல்லை. தூரத்தில் இருக்கும் நடைபாலத்தின் படிகளை ஏறவும் முடியாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாடகைக் கார் பிடித்து, நெடுந்தூரம் போய்த் திரும்பி, எதிர்ப்பக்கத்தில் இறங்குவார். மோகனாவுக்கு லீவு கிடைத்தால் அவள் கொண்டுபோய் விடுவாள்.

“அதான் நான் இருக்கேனே அக்கா. அண்ணனை நான் காடியில கொண்டுபோயி விட மாட்டேனா?” என்றாள் மோகனா.

“எத்தனை நாளைக்கு மோகனா? அவரு யாரையும் கேக்காம தானா நடந்து போகணும்னு நினைக்கிறாரு. உனக்குத் தெரியாததா?”

மோகனாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் செய்ததெல்லாம் பாரமாகத்தான் இருந்ததா என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் ஒருத்தி கதவைப் பார்ப்பாள், இன்னொருத்தி போனைப் பார்ப்பாள்.

ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூக மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாநகர் மன்றத்திலிருந்து ஹைருல் என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். மோகனா தயாளனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டம் வேண்டாம் என்பவர்கள் சார்பில் அவள்தான் பேசுவதாக ஏற்பாடு. அதற்குமுன், திட்டம் வேண்டும் என்பவர்களைக் கூப்பிட்டார்கள். நாலைந்து பேர் பேசி முடித்ததும் ஆசியா பீவி எழுந்து போனாள்.

மைக்கைக் கையில் வாங்கியதும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மலாயில் சரளமாகப் பேசுகிறவள்தான். பேரைச் சொன்னாள், வீட்டு எண்ணைச் சொன்னாள், அதோடு நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவர், சீக்கிரம் முடிங்கலா, கடை திறக்கணும் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன் பக்கத்து நாற்காலிகளிலிருந்து வந்தது மோகனாவுக்குக் கேட்டது.

எழுந்து போய் ஆசியா பீவியின் பக்கத்தில் நின்றாள். அங்கே என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. ஃப்ளாட் நடைவாசலில் நின்று பேசுகிற மாதிரி கேட்கத் தொடங்கினாள். அண்ணன் வெள்ளிக்கிழமை எப்படிப் போகிறார் என்று கேட்டாள். ஆசியா பீவி அவளைப் பார்த்தே பதில் சொன்னாள். கார் எங்கே போய்த் திரும்பும், போன மாதம் கார் கிடைக்காமல் என்ன ஆனது, நடுரோட்டுத் திட்டில் அவர் மாட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நின்ற கதை என ஒவ்வொன்றாக வந்தது. அந்தக் கடைசிக் கதை மோகனாவுக்கே தெரியாது.

ஆசியா பீவி மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்த பிறகும் மோகனா அதைக் கீழே வைக்கவில்லை. இப்போது தன் முறை என்று ஹைருலிடம் சொல்லிவிட்டு, தடத்தைக் குறைத்தால் தன்னைப் போல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும் கஷ்டத்தை, முன்பே நினைத்து வைத்திருந்தபடி, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

வெளியே வந்ததும் தயாளன் பிடித்துக்கொண்டார். “நீ யாரு பக்கம்னே தெரியலியே, மோகனா.”

“ரோட்டுல நான் உங்க பக்கந்தான் அண்ணே. ஆனா அவங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க பாருங்க, அங்க நான் இல்ல.”

தயாளன் வெகுநாள் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆசியா பீவி ஒரு தட்டில் சூடாக வாழைப்பழப் பலகாரம் கொண்டுவந்தாள். இருவரும் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும், “நல்லாத்தான் பேசினே, எனக்கு எதிரா,” என்றாள்.

கடைசியில் முழு ரோட்டையும் தொடவில்லை. பசார் சந்தையிலிருந்து பள்ளிவாசல் வரையில் மட்டும் பக்கத்துக்கு ஒரு தடமாக்கி, ஆள் கடக்க விளக்கு வைத்தார்கள். தயாளன் கடை அந்த எல்லைக்குச் சற்று அப்பால் இருந்ததால் தப்பித்தது. மோகனா பயந்தபடியே காலையில் நெரிசல் கூடியது. இப்போது சீக்கிரமே கிளம்பி, பசியாறுவதைத் தொழிற்சாலை கேன்டீனில் வைத்துக்கொள்கிறாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஹைருலைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். பச்சை விளக்கு சீக்கிரம் மாறிவிடுகிறது, நடக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்பதையும் அவளேதான் சொல்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவில் இருந்தபோது, நடைவாசலில் ஆசியா பீவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து நிற்பதைக் கண்டாள். அண்ணனோடு கூடப் போகவில்லையா என்று கேட்டாள்.

“வரவே கூடாதுன்னுட்டாரு,” என்றாள் ஆசியா பீவி, பார்வையை எடுக்காமல்.

மோகனாவும் பக்கத்தில் போய் நின்றாள். கீழே வண்டிகள் விளக்குக்காக வரிசையாக நின்றிருந்தன. ஹைதர் கைத்தடியை ஊன்றி, பள்ளிவாசலை நோக்கி அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.