பாதியில் நின்ற நூல்

என் அலுமாரியில், உடுப்புகளுக்கு அடியில், பாதி தீர்ந்த வெள்ளை நூல்கட்டை ஒன்று கிடக்கிறது. அக்காவின் புருஷன், என் அத்தான், சிவனொளிபாத மலையில் கையில் பிடித்திருந்தது அது. எறியவும் மனமில்லை, அந்த நூலில் ஒரு பொத்தான் தைக்கவும் மனமில்லை.

அத்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமந்தவர். தலைப்பிரசவத்தில் அக்கா சாகக் கிடந்தபோது, அக்கா பிழைத்தால் ஏழு வருஷம் மலையேறுவதாக அத்தான் நேர்ந்துகொண்டார். அக்கா பிழைத்தார்; பிள்ளை தங்கவில்லை. ஆனாலும் நேர்த்தி நேர்த்திதான் என்று ஆறு முறை ஏறி முடித்தார். எழுபதுகளில் ஒரு மாசி மாதம், ஊர்க் கூட்டத்தோடு ஏழாம் முறை போகையில் என்னையும் கூட்டிப்போனார். நான் அப்போது கந்தோரில் எழுதுவினைஞன். கடவுள்மேல் இருந்ததைவிடப் பகிடி விட்டுச் சிரிப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஹட்டனில் ரயிலால் இறங்கி பஸ் ஏறினோம். இருபக்கமும் தேயிலைச் சரிவுகள். கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தப் பச்சையில் மூச்சு முட்டியது. "இதெல்லாம் என்ர முதுகால போன சாமான், தம்பி," என்று அத்தான் சிரித்தார். அவர் மனம்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

விடிந்தபின் ஏறத் தொடங்கினோம். அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. களைப்பு, ஏலாது என்று வாய்திறக்கவும் கூடாது. சொன்னால் நேர்த்தி முறிந்துவிடும் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் நம்பினார்கள். வழியில் ஊசி குத்தும் இடம் ஒன்று வரும். நூல் கோத்த ஊசியை அங்கே குத்திவிட்டு, நூலை உச்சிவரை விட்டுக்கொண்டே போகவேண்டும். அத்தான் ஊசியைக் குத்தி, நூல்கட்டையை விரலில் சுழலவிட்டபடி ஏறினார்.

போகப் போக மரங்கள் குட்டையாகின. கிளைகளில் பாசி தொங்கியது. படிகளில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் செத்துக் கிடந்தன. இந்த மலைக்குச் சாகத்தான் அவை வருகின்றனவாம். "சாகிறதுக்கு இவ்வளவு படி ஏறவேணுமோ?" என்று நான் பகிடி விட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. அந்தக் குளிரிலும் அவர் முகமெல்லாம் வியர்வை. ஒரு படியில் நின்று, "தம்பி, எனக்கு இனி..." என்று தொடங்கினார்.

"ஏழு வருஷ நேர்த்தியை ஒரு சொல்லால முறிக்கப் போறியளோ?" என்று நான் அவர் வாயைப் பொத்தினேன். கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டு அரோகரா போட்டார்கள். அத்தான் தலையாட்டிவிட்டு ஏறினார். இருபது படிகூட இராது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கையிலிருந்த நூல்கட்டை படிவழியே உருண்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்தது அவரையல்ல, அந்த நூல்கட்டையை. திரும்பி வந்தபோது அவர் கண் நிலைகுத்தி இருந்தது. உச்சியில் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய திவசம் வரும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்வியைக் கேட்பார். "கடைசியா அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?" "இல்லை அக்கா." பச்சைப் பொய் பழகிப்போனது.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் என் சட்டைக்குப் பொத்தான் தைக்க நூல் தேடி, அலுமாரியைக் கிளறி அந்தக் கட்டையை எடுத்துவிட்டார். எனக்கு இனி மறைக்க ஏலவில்லை. வாயைப் பொத்தியதைச் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

அக்கா தொங்கிய நூல் நுனியைக் கட்டையில் சுற்றினார். பிறகு சொன்னார்: "வெளிக்கிட்ட அண்டைக்கே நெஞ்சு நோகுது, இந்த வருஷம் ஏலாது எண்டவர். என்ர உயிருக்கு வைச்ச நேர்த்தியெல்லோ எண்டு நான்தான் பிடிச்சு அனுப்பினனான். அதை உன்னட்டைச் சொல்லியிருப்பாரோ எண்ட பயத்திலதான் வருஷா வருஷம் கேட்டனான்."

பொத்தான் இல்லாத சட்டையை மடித்து வைத்தார். நூல்கட்டையை எடுத்த இடத்திலேயே, உடுப்புகளுக்கு அடியில் வைத்து, அலுமாரியைச் சாத்தினார்.