நானூறு டீச்சர் என்று சிரித்தவர்களுக்கு

செய்தி வந்தது காலை டீ நேரத்தில், எங்கள் வேன் டிரைவர்களின் வாட்ஸப் குழுவில். 'நானூறு டீச்சர் காலமானார்' என்று ஒருவன் போட்டிருந்தான். அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஆறு, சிரிக்கும் படம் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்ததும் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டேன். செத்தவருக்கு மல்லிகா என்று நல்ல பெயர் இருந்தது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகும் சும்மா இருக்காமல் சாமளாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, காய்ச்சலும் அம்மையும் பனியன் கம்பெனிகளில் எப்படிப் பரவும், எங்கே வெட்டினால் நிற்கும் என்று கணக்குப் போட்டார். அதற்கு இந்த ஊர் கொடுத்த பட்டம்தான் அது.

என்னைத் தெரியாதவர் உங்களில் இருக்க முடியாது. திருப்பூரில் ஆள் ஏற்றும் வேன் என்றால் என் வேன், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். எந்த ஹாஸ்டலில் எந்த அறையில் யார், எந்த வேனில் எந்த சீட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டீச்சர் என்னைத் தேடி வந்தது அதனால்தான். கலெக்டரே அனுப்பி வைத்தார் என்று அப்போது ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் வழி காட்டியது பேக்கரிக்காரர்.

பல்லடம் ரோட்டுக் கம்பெனி ஒன்றின் ஹாஸ்டலில் மூன்று பெண்களுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது. டீச்சர் என் மேஜைமேல் கழிவுப் பொத்தான்களைக் கொட்டினார். ஒரு பொத்தான் ஒரு ஆள். யார் யார் ஒரே அறை, ஒரே தையல் லைன், ஒரே வேன் என்று நான் சொல்லச் சொல்ல, நூலால் பொத்தானைப் பொத்தானோடு கட்டிக்கொண்டே போனார். அறைக்கு நாலு நூல், லைனுக்கு ஐந்தாறு நூல். வேன் கணக்கு வந்ததும் எல்லாம் ஒரே சிக்கு.

"பாத்தீங்களாண்ணா, முடிச்சு உங்க வேன்லதான் இருக்குதுங்க" என்றார். "கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இது அடுத்த ஆளுக்குத் தாவிருமுங்க. கொப்புளத்தைப் பாத்து ஆளைப் பிரிக்கறது லேட்டுங்க."

மருந்து எளிதுதான். ஒரே அறைக்காரர்கள் எப்போதும் ஒரே வேனில், ஒரே லைனில். மூன்று வாரத்துக்குக் கலக்கக் கூடாது. கம்பெனியை மூட வேண்டாம். இப்படியே விட்டால் நாற்பது பேருக்குப் பக்கம் படுப்பார்கள், பிரித்தால் பத்துக்குள் நிற்கும் என்று நோட்டில் எழுதினார். அந்தக் கணக்கில் பாதி என்னுடையது என்று இன்றைக்கும் சொல்வேன். அது பொய் இல்லை.

சின்ன வயதில் யாருக்கெல்லாம் அம்மை வந்து போயிருக்கிறது என்று கேட்க டீச்சர் என் வேனிலேயே ஏறி வந்தார். செக்கிங் பிரிவில் விருதுநகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சகாயமேரி, வயிற்றில் ஐந்து மாசம். "எனக்குப் போட்டுச்சான்னு எங்கம்மைக்கே நெனவில்ல டீச்சர். எட்டுப் பெத்தவ, எதுக்கு எப்பம் போட்டுச்சுன்னு எழுதியா வச்சிருப்பா?" என்றாள். வேனே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இறங்கியதும், "இந்தப் புள்ளைக்கு மட்டும் வரக் கூடாதுங்கண்ணா. மாசமா இருக்கறவங்களுக்கு இது மூச்சைப் புடிச்சிரும்" என்றார். அவளை ஊருக்கு அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சினார். ஷிப்மென்ட் முடியட்டும் என்று பதில் வந்தது.

முதலாளி டீச்சரை உள்ளே கூப்பிடவில்லை. பெரிய மனிதரிடம் பேச நான்தான் சரி என்று நானே கிளம்பினேன்.

"டீச்சரம்மா அம்மைக்கு ஒரு மாடல் பண்ணியிருக்காங்க" என்றேன்.

"மாடலா? எந்த பையருக்குங்க மாமா?"

எங்கள் ஊரில் மாடல் என்றால், ஆர்டரை மொத்தமாகத் தைக்கும் முன் பையருக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருக்கு, தைத்துக் காட்டுகிற ஒற்றைப் பீஸ். இது கணக்கு மாடல் என்று விளக்கினேன். "மாடல்ல தையல் கோணலாத்தான் இருக்கும், பல்க்ல சரியாயிரும். எத்தனை பேருங்கறாங்க?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பது என்றால் அந்தக் கண் நிமிராது என்று நினைத்தேன். ஒரு சைபரைச் சேர்த்தேன். "நானூறு பேருங்க."

நிமிர்ந்தார். "ஏனுங் மாமா, என்ற கம்பெனியில ஆளே முன்னூத்தம்பது. மிச்சம் அம்பது பேரை உங்க ஊட்லருந்து கூட்டியாருவீங்களா?"

மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வெளியே நாற்காலி நுனியில் காத்திருந்த டீச்சரிடம், "யோசிக்கறேன்னுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். வேன் என்னுடையது. எந்த முதலாளியையும் கேட்காமல் நானே ஆட்களைப் பிரித்து ஏற்றியிருக்கலாம். தினமும் ரெண்டு நடை கூடுதலாக ஆகும். பிரிக்கவில்லை.

முப்பத்தெட்டுப் பேர் படுத்தார்கள். சகாயமேரி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் குழாய் வழியாக மூச்சு விட்டாள். அவள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. ஷிப்மென்ட் மட்டும் நேரத்துக்குக் கப்பல் ஏறியது. தூ.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு ஆரம்பித்தது. "நானூறுன்னாங்க, நாப்பதுகூடத் தேறலைங்க" என்று முதலாளி பேக்கரியில் நின்று சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தீர்கள். நானும் பப்ஸைக் கடித்துக்கொண்டே சிரித்தேன். ஒரு பெண் வெறும் வயிற்றோடு ஊருக்கு ரயில் ஏறிய வாரம் அது.

பட்டப்பெயர் டீச்சர் காதுக்கும் போனது. நேராக என் ஆபீசுக்கு வந்தார். "அந்த சைபர் நீங்க போட்டதாண்ணா?"

வழக்கமாக எனக்குப் பத்துப் பதில் தோன்றும். அன்று ஆமென்று தலையை ஆட்டினேன்.

"தப்பாச் சொன்னேன்னு சிரிக்கறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். சரியாச் சொல்லியும் அந்தப் புள்ளைக்கு ஆகலீங்களே, அதுதான் தாங்கலை" என்றார். கிளம்பும்போது, "அடுத்த தடவை வந்தா வேன் லிஸ்ட் குடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் சாகும்வரை மறக்காத கேள்வி அது. என்னை ஊருக்குக் காட்டிக்கொடுத்தால் லிஸ்ட் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த லிஸ்டுக்காகப் பட்டத்தைத் தானே சுமந்துகொண்டார். அதன் பிறகு காய்ச்சல் வந்த ரெண்டு தடவை கொடுத்தேன், வேனையும் பிரித்தேன். அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. பரவாமல் நின்றுபோனதைப் பற்றி யார் பேசுவார்கள்?

போன வாரம் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அதே முதலாளி படத்துக்கு ஆளுயர மாலை போட்டுவிட்டு, "டீச்சரம்மா நானூறுன்னு பயமுறுத்தித்தான் நாங்க உஷாரானோம்" என்று பேசினார். முன்வரிசை சிரித்தது. நான் எழுந்தேன். அந்த சைபர் என்னுடையது என்று மைக் இல்லாமலே சொன்னேன்.

"உக்காருங் மாமா. எழவுக் கூட்டத்துலயுமா உங்க கதை?" என்றார் அவர். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. இத்தனை வருஷம் நான் அளந்து விட்டதற்கெல்லாம் கை தட்டியவர்கள், ஒரே ஒரு நிஜத்தை நம்பவில்லை. அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறேன்.

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த எண்ணைச் சொன்னாலும் பின்னாலேயே 'கூடக்குறைய' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார். "அதைச் சொல்லாட்டி அது கணக்கில்லீங்கண்ணா, ஜோசியமுங்க" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்.

அவர் சொன்னது நாற்பது, கூடக்குறைய. நானூறு என்று சொன்னது நான். அதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.